வெள்ளை ஷூ

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பக்கம் போலீஸில் பிடிபடும் சிறுவர்களின் வீடுகளுக்குப் போய் விசாரித்து, அவர்கள் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் சமூக விசாரணை அறிக்கை எழுதுவதுதான் சில வருடங்கள் என் வேலை. அப்பா குடி, படிப்பு பாதியில் நின்றது, தீய சகவாசம். எல்லா அறிக்கையிலும் இதே மூன்றுதான், பேர் மட்டும் மாறும்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: பெரியவர்களோ கும்பலோ இந்தச் சிறுவனைப் பயன்படுத்தினார்களா? ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். நான் கேட்பேன், பையன் இல்லை என்பான், 'இல்லை'யில் குறித்துவிடுவேன். அவன் பொய் சொல்லவில்லை என்பது புரியவே எனக்கு நாளாயிற்று. தன்னை ஒருவர் பயன்படுத்துகிறார் என்று அவனுக்குத் தோன்றினால்தானே சொல்வான்!

கஞ்சாப் பொட்டலத்தோடு சிக்கிய ஒரு பையன். பதினைந்து வயது. ஜாமீனில் வீட்டுக்கு வந்திருந்தான். நான் பேசப் பேச, வாசற்படியில் உட்கார்ந்து ஒரு வெள்ளை ஷூவின் ஓரத்தில் இருந்த சேற்றை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"யாருடா வாங்கிக் கொடுத்தது?"

"ஏரியா அண்ணன் மேடம்."

அதற்கப்புறம்தான் எல்லாம் வந்தது. கேரம் விளையாடும் இடத்தில் கூப்பிட்டுப் பேசி பிரியாணி வாங்கித் தந்திருக்கிறார். பிறகு தெருமுனையில் நின்று போலீஸ் வந்தால் குரல் கொடுக்கும் வேலை. அப்புறம் ஒரு ராத்திரி பைக் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாராம். பொட்டலம் கடைசியில்தான். எங்கேயும் மிரட்டல் இல்லை. "நீ மைனர்டா, ரெண்டு நாள்ல வெளிய வந்துடுவ" என்ற தைரியம் வேறு.

அது பாதி உண்மை. சிறுவரை லாக்கப்பில் வைக்கக் கூடாதுதான். ஆனால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினாறு முடிந்தவன் கொடிய குற்றத்தில் மாட்டினால், குழுமம் முதலில் மதிப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்பலாம். அதே சட்டத்தின் 83ஆவது பிரிவில், சிறுவர்களைச் சட்டவிரோத வேலைக்கு இறக்கும் பெரியவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் இருக்கிறது. இதையெல்லாம் அண்ணனா சொல்லித் தரப் போகிறார்?

எனக்கு உறுத்தியது இன்னொன்று. ஜாமீனுக்கு வக்கீல் வைத்ததும் அதே அண்ணன்தான். "அவரு இல்லன்னா என் புள்ள உள்ளயே கெடந்திருப்பான்மா" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷூவுக்குப் பட்ட கடன் எப்படியோ தீரும், இது தீருமா? இலவச சட்ட உதவி உண்டு என்று பிடிபட்ட அன்றே அந்த அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்று 'ஆம்' கட்டத்தில் குறித்தேன். பையன் எட்டிப் பார்த்தான்.

"அவர் பேரை எழுதாதீங்க மேடம். அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரில சேர்த்தப்ப ராத்திரி பூரா கூட இருந்தது அவருதான்."