போனை எடுத்தால் போதும்

தென்னாப்பிரிக்காவின் 2021 உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்ற அக்காவுக்கு நான்தான் கணக்கு பார்த்தேன். தெற்கு டர்பன் லாரிப் பிரச்சினையை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிளேர்வுட் குதிரைப் பந்தய மைதானம் சரக்குக் கிடங்குகளாக மாறியதும், வீடுகளுக்கு நடுவே லாரி நிறுத்தும் யார்டுகள் முளைத்ததும் எல்லோரும் பார்த்ததுதான். அக்கா நின்றதே அதற்காகத்தான்.

அதனால், யார்டு முதலாளி ஒருவரிடம் நன்கொடை கேட்கப் போகலாம் என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. கூட்டங்களில் அக்கா பெயர் சொல்லாமல் சாடிய ஆட்களில் அவரும் ஒருவர். துறைமுகம் வளர்ந்தால்தான் பிள்ளைகளுக்கு வேலை, அதற்காகக் குடியிருப்புகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசுகிறவர். அதை அவர் உண்மையாகவே நம்பினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அக்கா சுற்றிவளைக்காமல் கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நீங்க சொல்ற எதிலயும் எனக்கு உடன்பாடில்ல. ஆனா நீங்க திருட மாட்டீங்க. ஜெயிச்சா, நான் கூப்பிட்டா போனை எடுங்க, அது போதும்." 80,000 ராண்ட் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "அக்கா, இது சரியா?"

"போனை எடுக்கறது கவுன்சிலர் வேலைதானே தம்பி. அவர் போனையும் எடுப்பேன், உன் போனையும் எடுப்பேன். மண்டேலாவே கெர்ஸ்னர்கிட்ட வாங்கலியா?"

வாங்கினார்தான். இனவொதுக்கல் அரசு கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய 'தாயகங்களில்' ஒன்றான போபுதட்ஸ்வானாவில் சன் சிட்டி சூதாட்ட விடுதியை நடத்திய சோல் கெர்ஸ்னரிடமிருந்து 1994 தேர்தலுக்கு 20 லட்சம் ராண்ட் வந்ததை மண்டேலாவே பிறகு ஒப்புக்கொண்டார். கெர்ஸ்னர் மேல் அப்போது டிரான்ஸ்கெய் என்ற இன்னொரு 'தாயகத்தின்' லஞ்ச வழக்கு இருந்தது. மண்டேலாவைச் சொன்னால் நம் வாய் அடைத்துப்போகிறது. ஆனால் அவர் வாங்கினார் என்பதால் அது சரியாகிவிடுமா என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், போஸ்டர் அச்சகத்துக்குப் பாக்கி இருந்தது. நம் கருத்தோடு ஒத்துப்போகிற பணக்காரர் வரட்டும் என்று காத்திருந்தால் லாரிப் புகைக்கு எதிராக யாரும் தேர்தலில் நிற்கவே முடியாது. அதில் அக்கா சொன்னது நியாயம்.

ஆனால் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு அம்மா இருக்கிறார். பேரனுக்கு ஆஸ்துமா. இரவில் லாரி எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துகிறார்கள் என்று மாநகராட்சிக்குக் கூப்பிட்டுக்கூப்பிட்டு, ஒரு நோட்டில் புகார் எண்களாக எழுதி வைத்திருக்கிறார். போனை எடுத்தால் போதும் என்பதற்கு அவரும் விலை கொடுத்திருந்தால்? 80,000 ராண்டுக்கு வாங்கக்கூடியது அதுதான், வேறெதுவும் தேவையில்லை.

சட்டப்படி நாங்கள் மறைக்க எதுவுமில்லை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் கட்சி நிதிச் சட்டம் அப்போது கட்சிகளுக்குத்தான் பொருந்தியது: ஒரே ஆள் ஆண்டுக்கு 1 லட்சம் ராண்டுக்கு மேல் கொடுத்தால் தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டியிருந்தது. சுயேச்சை அதில் வரவே இல்லை. கட்சியாக இருந்திருந்தாலும் 80,000 வரம்புக்குள்தான். ரசீது எழுதினேன், கணக்கில் ஏற்றினேன். கேட்டவர்களுக்குக் காட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அப்புறம் துண்டறிக்கை. 'குடியிருப்புக்குள் லாரி யார்டு கூடாது' என்று முதலில் எழுதியிருந்தோம். அச்சுக்குப் போகும்போது அந்த வரி 'லாரிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவோம்' ஆகிவிட்டது. அக்காவின் கையெழுத்தில், நீல மையில், பழைய வரியை அடித்துவிட்டு மேலே எழுதியிருந்தார். ஒரு கவுன்சிலர் தனியாக யார்டை மூட முடியாது, முடியாததை வாக்குறுதியாகக் கொடுக்கக்கூடாது என்றார். அதுவும் உண்மை. பணத்துக்காக மாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவரை அவ்வளவு காலமாகத் தெரியும். ஆனால் அந்த முதலாளியைப் பார்க்காமலிருந்தால் அந்த வரி அப்படியே இருந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாக எப்படி நம்புகிறேன் என்று எனக்கே புரியவில்லை.

அக்கா தோற்றார். அந்த போன் வந்திருந்தால் முதலாளி என்ன கேட்டிருப்பார், அக்கா என்ன சொல்லியிருப்பார் என்பது தெரியாமலே போய்விட்டது.

அடுத்த தேர்தலுக்கும் கணக்கு பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ஒரே நிபந்தனை வைத்தேன்: தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கொடுத்தவர் பெயரை அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். அக்கா யோசிக்காமல் சொன்னார், "அப்போ அந்த யார்டுல வேலை பாக்கற பையன் கொடுத்த 50 ராண்டையும் ஒட்டுவியா?" இன்னும் நான் பதில் சொல்லவில்லை.