மின்விசிறிச் சத்தமும் சைதாப்பேட்டை ரயிலும்

எங்கள் குறும்படம் மொத்தம் 12 நிமிடம். ஷூட்டிங் இரண்டு நாளில் முடிந்தது, எடிட்டிங்குக்கு ஏழு வாரம் ஆனது. அதில் மூன்று வாரத்தை ஒரே ஒரு சீன் சாப்பிட்டது. அம்மாவும் மகனும் சமையலறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான், படத்தில் இரண்டரை நிமிடம்கூட வராது. ஆனால் விஸ்காம் படித்த மூன்று வருஷத்தில் தெரிந்துகொள்ளாததை அந்த இரண்டரை நிமிடத்தில்தான் கற்றுக்கொண்டேன் என்பதால் எழுதி வைக்கிறேன்.

வீடு சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில், இயக்குநருடைய பெரியம்மா வீடு. மே மாதம். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் வசனத்தைப் பிறகு டப்பிங்கில்தான் எடுப்பார்கள், நாங்கள் லைவ் சவுண்ட் என்று முடிவு செய்தோம். காசு ஒரு காரணம். அதைவிட, அம்மாவாக நடித்தவர் வசனத்துக்கு நடுவே மூச்சை இழுத்து நிறுத்தும் விதம் ஒன்று உண்டு, அதை இன்னொரு நாள் மைக் முன்னால் நின்று திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் ஃபிரிட்ஜை அணைத்தோம் (அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும், அப்போதுதான் கிளம்பும்போது திரும்பப் போட மறக்காது), ஃபேனையும் அணைத்தோம். மகன் பக்கத்து ஷாட்டெல்லாம் காலையிலேயே முடிந்தது. மதியம் அம்மாவின் குளோசப். அவருக்கு வியர்த்துக் கொட்டியதால் யாரோ ஃபேனைப் போட்டிருக்கிறார்கள். யாரும் கவனிக்கவில்லை, டேக் விவரங்களை எழுதி வைக்கும் ரிப்போர்ட்டில் குறிக்கவும் இல்லை.

எடிட்டில் உட்கார்ந்தபோது படம் அழகாக ஒட்டியது. பார்வை சரி, கை இருக்கும் இடம் சரி, தட்டில் இருக்கும் சாதத்தின் அளவுகூடச் சரி. ஆனால் ஹெட்போனில் கேட்டால் அவன் பேசும்போது அமைதி, அவள் பேசும்போது ஒரு ரீங்காரம், மறுபடி அமைதி, மறுபடி ரீங்காரம். கண்ணுக்குத் தெரியாத கட் ஒவ்வொன்றும் காதில் விழுந்தது.

முதலில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு அந்த ரீங்காரத்தை எடுக்கப் பார்த்தேன். கொஞ்சம் எடுத்தால் போகவில்லை, நிறைய எடுத்தால் அந்த அம்மா தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது, எந்த மூச்சுக்காக லைவ் சவுண்ட் எடுத்தோமோ அந்த மூச்சே போய்விட்டது. நாலு நாள் இதிலேயே போனது. அப்புறம் சாலிகிராமத்தில் ஒரு ஸ்டுடியோவில் மிக்ஸிங்கில் உதவியாளராக இருக்கும் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். பிரச்சினையை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “ஏன்டா எடுக்குற? அவன் ஷாட்லயும் போடு.”

எனக்கு அது உடனே பிடிபடவில்லை. காது ஒரே மாதிரி ஓடும் சத்தத்தைச் சீக்கிரமே கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும், மாற்றத்தைத்தான் அது பிடிக்கும் என்று விளக்கினார். சீன் முழுக்க ஃபேன் ஓடினால் யாருக்கும் ஃபேன் கேட்காது. சத்தமில்லாத ஷாட்டுக்குச் சத்தத்தைக் கொடுப்பதுதான் வழி.

அதற்கு வெறும் ஃபேன் சத்தம் மட்டும் வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஷூட் முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை ஒரு நிமிடமாவது பதிவு செய்வார்கள், ரூம் டோன் என்று பெயர். நாங்கள் எடுக்கவில்லை. அதனால் அம்மாவின் ஒன்பது டேக்கையும் திறந்து, ரோலிங் சொன்னதற்கும் ஆக்‌ஷன் சொன்னதற்கும் நடுவே இருக்கும் ஒன்றரை விநாடி, இரண்டு விநாடித் துண்டுகளைப் பொறுக்கினேன். மொத்தம் 14 விநாடி தேறியது. திரும்பத் திரும்ப ஓடவிட்டால் 14 விநாடிக்கு ஒருமுறை அதே காக்கா அதே மாதிரி கத்தியது. காக்கா இருந்த துண்டை வெட்டி, மீதியை முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கி, ஒவ்வொரு ஒட்டிலும் கிராஸ்ஃபேட் வைத்து (ஒரு சத்தம் தேய, அடுத்தது மெல்ல ஏறும்) மகன் ஷாட்டுகளுக்கு அடியில் போட்டேன். கேட்டேன். ஒரே அறை. முதல் முறையாக அவர்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் அம்மாவுக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டரின் தாள் ஓரம் லேசாகப் படபடப்பதைப் பார்த்தேன். ஃபேன் சத்தத்தை நான் எடுத்திருந்தால் அந்தத் தாள் காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கும்.

இந்தத் தைரியத்தில்தான் ரயிலைத் தொட்டேன். அந்த வீட்டில் சில நிமிடத்துக்கு ஒருமுறை பீச்–தாம்பரம் லைனில் எலெக்ட்ரிக் டிரெயின் போகும். அம்மாவின் ஆறாவது டேக்தான் ஆகச் சிறந்தது, ஆனால் நடுவில் ரயில் வந்ததால் என்.ஜி. (நாட் குட்) என்று ஒதுக்கியிருந்தோம். “எப்படா வர்றேன்னு சொல்லு” என்று ஆரம்பித்தவர், ரயில் வந்ததும் நிறுத்திவிட்டு, அது போகும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்து, பிறகு “சரி விடு, சாப்பிடு” என்கிறார். தண்டவாளம் ஓரம் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் தெரியும், அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், ரயிலுக்கு வழிவிட்டுப் பேசுவார்கள். அவர் நடிப்பை நிறுத்தவே இல்லை, நாங்கள்தான் டேக்கை நிறுத்தப் பார்த்தோம்.

ஆனால் ரயில் அவள் ஷாட்டில் மட்டும் இருந்தால் அது விபத்து போலத் தெரியும். அதே சந்துக்கு ஒரு மதியம் ரெக்கார்டரோடு போய் ஏழு ரயில்களைப் பதிவு செய்தேன் (பெரியம்மா மோர் கொடுத்து, ஒவ்வொரு ரயில் வரும்போதும் தானாகவே பேச்சை நிறுத்திக்கொண்டார்). மகன் பேசும் முந்தைய ஷாட்டிலேயே தூரத்தில் ரயில் தொடங்குகிறது, அவள்மேல் பெரிதாகிறது, மறுபடி அவன் முகத்துக்கு வரும்போது தேய்கிறது. “சரி விடு” என்ற சொல்லை அவன் முகத்தின் மேலேயே ஆறு பிரேம் முன்னதாகத் தொடங்கவிட்டேன். விநாடிக்கு 24 பிரேமில் ஆறு என்றால் கால் விநாடிதான். அந்தக் கால் விநாடியில் அவன் அவளை நிமிர்ந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் வந்துவிட்டது.

மற்றவை சுருக்கமாக. செல்போனில் எடுத்த சில ஷாட்டில் டியூப்லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடியது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும், ஷட்டரை 1/50 விநாடியில் வைத்திருந்தால் வந்திருக்காது. எடிட்டில் அதை ஒழுங்காகச் சரிசெய்ய முடியவில்லை, அந்த ஷாட்டுகளைத் தூக்கிவிட்டேன். செல்போன் பிரேம் ரேட்டைத் தானாகக் கூட்டிக் குறைப்பதால் தனியாகப் பதிவான வசனம் போகப் போக உதட்டை விட்டு விலகும், டைம்லைனில் போடும் முன்பே நிலையான பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டாக வாங்குங்கள், ஒன்றை இன்னொருவர் வீட்டில் வையுங்கள்.

ஒரு பேட்ச் மட்டும் இன்னும் உறுத்துகிறது. கடைசி சீனில் ஒரு குயில் பாதிக் கூவலில் அறுபடுகிறது. அதன் மீதியை எந்த டேக்கிலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இடத்தில் ரூம் டோன் இருந்திருந்தால் மூடியிருப்பேன். அடுத்த மாதம் ஜூனியர்கள் ராயபுரத்தில் ஷூட் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சீனுக்கும் கீழே “ரூம் டோன், 1 நிமிடம்” என்று அன்றன்றைய ஷூட்டிங் திட்டத் தாளான கால்ஷீட்டிலேயே அடிக்கச் சொல்லி, அந்த ஒரு நிமிடத்துக்குக் கடிகாரம் பார்க்க நானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.