காலைப் பார்த்தால் மாடி தெரியும்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் “காட்டில் எலி பிடிக்கிறேன்” என்பேன். சிங்கப்பூரில் எங்கள் புளோக் அங்கிள்களுக்கு ஒரே சிரிப்பு. காப்பிக்கடைக் கால்வாயில் கிடைக்காத எலியா? அது வேறு எலி அங்கிள் என்றால் நம்பமாட்டார்கள்.

சுற்றுச்சூழல் ஆய்வில் களப்பணி எனக்கு. அனுமதி வாங்கி, சாயங்காலம் கூண்டு வைத்து, விடிந்ததும் எடைபோட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். புதிதாக வரும் தம்பிகள் முகத்தையும் வாலையும் பார்த்துக் குழம்புவார்கள், எல்லாமே பழுப்பு எலிதானே! பின்னங்காலைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். மலாயா காட்டு எலிக்குப் பாதம் அகலம். அடியில் மேடுமேடாக, வரி வரியாகப் பிடிமானம் இருக்கும். மரமேறி. செந்நிற முள்மயிர் எலிக்கோ பாதம் ஒடுங்கி நீண்டிருக்கும். முதுகைத் தடவினால் துடைப்பக்குச்சி போல மயிர் குத்தும். செம்மை முடிந்து வெள்ளை வயிறு தொடங்கும் இடம் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். அது தரைவாசி, வளை தோண்டும், விதைகளை ஆங்காங்கே புதைத்து வைக்கும்.

ஆக, ஒரே காடு, ஆனால் ஆளுக்கொரு மாடி. ஜப்பானிலும் அப்படித்தான்: ஒரே காட்டில் வாழும், அப்போடெமஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு எலிகளில் பெரியது தரையிலேயே திரியும், சிறியது கிளையேறும். ஐரோப்பாவில் மஞ்சள் கழுத்து எலி முதிர்ந்த காட்டை விரும்பும், நன்றாக மரமும் ஏறும். அதன் உறவான காட்டுச் சுண்டெலி வேலியோரம், வயல் என்று எங்கும் சமாளித்துக்கொள்ளும்.

இதை ஒற்றுமை என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் காட்டு எலி, முள்மயிர் எலி இரண்டுக்கும் பழம் வேண்டும், விதை வேண்டும். இடம் தாராளமாக இருக்கும்வரை உரசல் குறைவு, அவ்வளவுதான். காடு துண்டானால் முதலில் அடி வாங்குவது முள்மயிர் எலி. மலாயா காட்டு எலி தோட்டத்திலும் புதரிலும்கூடப் பிழைத்துக்கொள்ளும். 1986இல் முடிந்த புக்கிட் தீமா விரைவுச்சாலை இங்கே காட்டை இரண்டாகப் பிளந்தது. அதன்மேல் 62 மீட்டர் நீளத்தில் விலங்குப் பாலம் வந்தது 2013இல்தான்.

அதனால்தான் கூண்டுகளைத் தரையில் மட்டும் வைக்கக்கூடாது, கிளைகளிலும் கட்டவேண்டும் என்று ஒவ்வொரு வேலையிலும் சொல்கிறேன். அதற்கு ஏணி, கூடுதல் ஆள், கூடுதல் நேரம். கொட்டேஷனில் முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான்.