கல் இல்லை, காது

"அது கல்லு இல்லப்பா, காது!"

அஸ்தம்பட்டி டீக்கடையில் பக்கத்து வீட்டு அண்ணன் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். மகனுக்குத் தான்சானியாவில் வேலை. நியரேரே தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். காலையில் ஜீப், மாலையில் ரூஃபிஜி ஆற்றில் படகு.

ஜீப்பில் எடுத்ததெல்லாம் புழுதியும் ஒரு சிங்கத்தின் முதுகும்தான்.

படகு வீடியோ வேற ரகம். தண்ணீருக்கு மேலே ரெண்டு காது, ரெண்டு கண், மூக்குத் துவாரம். நீர்யானையில் தெரிவது அவ்வளவுதான். காதைப் படபடவென்று உதறிவிட்டு, மூக்கை இறுக மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"அஞ்சு நிமிஷத்துல மூச்சு விட மேல வந்தாகணும்னு படகுக்காரர் இன்ஜினைக் குறைச்சுட்டாருப்பா."

வந்தது. வேறு பக்கத்தில்.

ஜீப்பில் நாம் விலங்கைத் தேடித் துரத்துகிறோம். ஆற்றில் காத்துக் கிடக்கிறோம். வறண்ட மாதங்களில் விலங்குகளெல்லாம் தண்ணீருக்கு வந்துதானே ஆகணும். எனக்கென்னவோ இந்த இரண்டாவதுதான் மரியாதையாகப் படுகிறது.

நம்ம ஏற்காடு மலைப்பாதையில், அந்த 20 கொண்டை ஊசி வளைவில் எங்காவது காட்டெருமை நின்றால் போதும். ஹாரன், அப்புறம் செல்ஃபி. வளர்ந்த காளை 800 கிலோவைத் தாண்டும், வண்டியை விட்டு இறங்காதீங்கன்னு யாராவது சொல்லுங்கப்பா!