கொலோசஸுக்குப் பின்னால் நிற்கும் டெலிபோன்காரர்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க பிரிட்டனில் செய்த எலக்ட்ரானிக் கணினிதான் கொலோசஸ். மறுபடி கட்டிய அந்த இயந்திரத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தோடு நின்றுவிடுவார்கள். எனக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும். லண்டன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசிய கணினி அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்), யூனிசெலக்டர்கள் (ஒரு இணைப்பைப் பலவற்றில் ஒன்றுக்குப் படிப்படியாக மாற்றும் சுவிட்சுகள்), மெழுகு நூலால் வரிந்து கட்டிய வயர் கற்றைகள் என்று இயந்திரத்தைத் தாங்கும் சட்டங்களில் (ரேக்குகளில்) இருப்பதெல்லாம் எங்கள் எக்ஸ்சேஞ்ச் சாமான்தான்.

ஹிட்லரின் தளபதிகள் பயன்படுத்திய லோரென்ஸ் சங்கேதத்தை உடைக்க 1944இல் இதைச் செய்து கொடுத்தவர் டாமி ஃபிளவர்ஸ், தபால் துறையின் டெலிபோன் இன்ஜினியர். போர் முடிந்ததும் பத்து இயந்திரங்களில் எட்டைப் பிரித்துப் போட்டார்கள், பின்னாளில் மற்ற இரண்டையும். வரைபடங்களை ஃபிளவர்ஸே உலையில் போட்டு எரிக்க வேண்டியதாயிற்று. 1993இல் இன்ஜினியர் டோனி சேல் மறுபடி கட்டத் தொடங்கியபோது கையில் இருந்தவை எட்டுப் புகைப்படங்களும், பழைய இன்ஜினியர்கள் ரகசியமாக வைத்திருந்த சில சர்க்யூட் துண்டுகளும்தான். 1996 ஜூன் 6 அன்று இயந்திரம் ஓடியதைப் பார்க்கத் தொண்ணூறு வயது ஃபிளவர்ஸ் நேரில் வந்திருந்தார்.

இவ்வளவு குறைந்த ஆதாரத்தில் இது எப்படி முடிந்தது? சேலின் விடாமுயற்சிக்கு அடுத்தபடியாக, டெலிபோன் தொழிலின் கட்டுப்பாடுதான் காரணம் என்பேன். எந்த ஊர் எக்ஸ்சேஞ்சாக இருந்தாலும் சட்டத்தில் ரிலேயை மாட்டுவதற்கும் வயரைத் திருப்புவதற்கும் ஒரு முறை உண்டு. படத்தில் பாதி தெரிந்தால் மீதியைப் பழகிய கை ஊகித்துவிடும். அப்போது பழைய எக்ஸ்சேஞ்சுகளைக் கழற்றிக்கொண்டிருந்ததால் உதிரிபாகங்களும் கிடைத்தன. நல்ல காலம்!

நாடா ஓடும் இடத்தில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். சங்கேதச் செய்தியைத் துளைகளாகப் பதித்த காகித நாடாவை வளையமாக ஒட்டி உருளைகளில் மாட்டினால், நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் பறக்கும். இதற்கு முந்தைய ‘ஹீத் ராபின்சன்’ இயந்திரத்தில் இரண்டு நாடாக்கள். அவற்றைப் பல்சக்கரம் இழுக்கும். நாடா நீளும், கிழியும், ஒன்றுக்கொன்று தப்பிப் போகும். ஃபிளவர்ஸ் ஒரு நாடாவை எடுத்துவிட்டு அதன் வேலையை வால்வுகளிடம் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்களிடம்) கொடுத்தார். மிஞ்சிய நாடாவின் நடுவே உள்ள சிறு துளைகளை ஒளியால் படித்து, அதிலிருந்தே இயந்திரத்தின் தாளத்தை எடுத்தார். நாடா கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் இயந்திரம் அதன் கூடவே போகும். இன்று பார்த்தாலும் அந்த யோசனை என்னை அசரவைக்கிறது.

வால்வுகள் ஏறத்தாழ 2,500. இத்தனை வால்வுகளை நம்பி ஓட்ட முடியாது என்றுதான் அன்று பலர் சொன்னார்கள். அடிக்கடி அணைத்துப் போடாமல் விட்டால் வால்வு உழைக்கும் என்பது ஃபிளவர்ஸுக்கு டெலிபோன் வேலையில் கிடைத்த பாடம்.

வெளியே தெரியாத பகுதிகளுக்கு நவீன சர்க்யூட் போர்டு வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. எனக்குச் சம்மதமில்லை. வேகம்தான் வேண்டும் என்றால் லேப்டாப் போதும்; 2007இல் நடந்த சங்கேதப் போட்டியில் ஜெர்மனியைச் சேர்ந்த யோவாகிம் ஷூத் சொந்தமாக எழுதிய புரோகிராமை வைத்தே கொலோசஸை முந்திவிட்டார். இங்கே வருகிறவர்கள் பார்க்க வேண்டியது, டெலிபோன் சாமானை வைத்து 1944இல் எதைச் செய்ய முடிந்தது என்பதை. அதனால் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு முதலில் மெழுகு நூல் முடிச்சைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அப்புறம்தான் மீட்டரைக் கையில் கொடுப்பேன்.