கம்பி அறுந்த இடம்

நம் பள்ளியின் இந்த மலருக்கு எழுதச் சொல்லித் தம்பிமார் கேட்டபோது பிசிக்ஸ் சார் இருந்தார். நான் எழுத உட்கார்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய மாணவர் குழுவில் வந்த இரங்கல் செய்திகளை எல்லாம் படித்தேன். அவருடைய சைக்கிள், லேப் சாவிக் கொத்து, கச்சான் காற்று வீசும் காலத்தில் ஜன்னலைச் சாத்தச் சொல்லி அவர் போடும் சத்தம் எல்லாம் வந்துவிட்டது. டேப் ரிக்கார்டரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நம் கரையில் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். சென்னை கரகரக்கும், கொழும்பு பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசுவது போலக் கேட்கும். மத்திய அலை தரையின் மேல் வரும்போது சீக்கிரம் வலுவிழக்கும், உப்புத் தண்ணீரின் மேல் அவ்வளவு இழக்காது என்று காரணம் சொன்னவரும் சார்தான். கீழக்கரையில் எத்தனையோ வீடுகளில் வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போன சபராளிகள் கொண்டுவந்த டூ-இன்-ஒன், அதாவது ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் சேர்ந்த பெட்டி, இருந்தது. சாரிடம் இருந்ததும் ஒரு பழைய மாணவர் கொடுத்தது. பேச்சுப் போட்டி, பிரிவு உபசார விழா, தகரக் கூரையில் விழும் மழை, எதுவானாலும் பதிந்துவிடுவார்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆண்டு விழா. நான் கட்டைகளை அழுத்திக் கம்பியை மீட்டும் புல்புல்தாரா, ஏர்வாடிக்காரன் கையால் தட்டும் தப்ஸ், தங்கச்சிமடத்துக்காரன் பாட்டு. கரைவலை இழுக்கும்போது அவன் அப்பா பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக்கொண்டு, அதை இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தோம். முதல் வரி முடிவதற்குள் மைக் ஊளையிட்டது. அப்புறம், உப்புக்காற்றில் துருவேறியிருந்த புல்புல்தாராக் கம்பி ஒன்று அறுந்து என் கன்னத்தில் அடித்தது. முன்வரிசை சிரித்தது. நான் மிச்சக் கம்பிகளில் வாசித்தேன். ஏர்வாடிக்காரன் இன்னும் ஓங்கி அடித்தான். பாடியவன் ஒரு வார்த்தையையும் விடவில்லை. திரையை இழுத்துவிட்டார்கள். அடுத்ததாக நடனம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. திரைக்குப் பின்னால் தங்கச்சிமடத்துக்காரன் தேம்பித் தேம்பி அழுதான். அவன் அப்பா கடலுக்குப் போகாமல் அன்றைக்கு எங்களைக் கேட்க வந்திருந்தார்.

அடுத்த பிசிக்ஸ் வகுப்புக்கு சார் டூ-இன்-ஒன்னோடு வந்தார். ஒன்றும் சொல்லாமல் பொத்தானை அமுக்கினார். முதலில் ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல், மைக்கில் மோதும் காற்று, அப்புறம் நாங்கள். சிரிப்பும் இருந்தது, அறிவிப்பும் இருந்தது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. "நல்லா இருக்குடா," என்றார். "கம்பி அறுந்த இடம் இன்னும் நல்லா இருக்கு. அதுக்கப்புறம்தான் மூணு பேரும் ஒழுங்கா கேட்டு வாசிச்சிருக்கீங்க."

பிறகு காந்தவியல் பாடத்தையே அந்த இரைச்சலிலிருந்து தொடங்கினார். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை, விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அவ்வளவு குறுகலாகவும் மெதுவாகவும் ஓடும் நாடாவில், அதைப் படிக்கும் டேப் ரிக்கார்டர் தலைக்கு முன்னால் வரும் காந்தத் துகள்கள் கொஞ்சம்தான்; அவை தாறுமாறாகத் திரும்பியிருப்பதுதான் நமக்கு ஸ்ஸ்ஸ் என்று கேட்கிறது. எங்கள் வகுப்பில் ஒருவனும் இதை மறந்திருக்க மாட்டான். பாடம் முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்தார். இனி இதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது என்று எங்களிடம் காட்டினார்.

துபாய்க்குப் போய், அங்கிருந்து நியூசிலாந்தின் தென்கோடியில் டனீடினுக்கு வந்து சேர்ந்தேன். எலக்ட்ரீஷியன் வேலை. பட்டறையில் எப்போதும் ரேடியோ ஒன் ஓடும். பல்கலைக்கழக மாணவர்களின் வானொலி. ஒரு நாள் அதில் 'தி க்ளீன்' குழுவின் 'டாலி ஹோ!' வந்தது. 1981-இல் இதே ஊர்ப் பையன்கள் நூறு டாலர்கூடச் செலவழிக்காமல் பதிந்த பாட்டு. ஆர்கன் கீச்சிடுகிறது, டிரம்ஸ் பக்கத்து அறையில் இருப்பது போலக் கேட்கிறது, குரல் ஒன்றும் மெருகானதல்ல. ஆனாலும் இந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம் வரை போயிருக்கிறது. கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

லோ-ஃபை, அதாவது மெருகில்லாத ஒலிப்பதிவு, என்று இதைச் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் படிக்கும்போது ஓடவிடுகிற தூக்கம் வரும் இசைக்கும் இப்போது அதே பெயர். நான் சொல்வது அது அல்ல. ஸ்டூடியோவுக்குக் காசில்லாதவர்கள் வீட்டிலும் கராஜிலும் நாலு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் நாலு டிராக் மெஷினில் பதிந்த பங்க் என்ற முரட்டு ராக் பாட்டுகளும், பெரிய கம்பெனிகளைச் சாராத இண்டி பாட்டுகளும். சாதாரணக் கேசட்டிலேயே நாலு டிராக் பதியும் டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 1979-இல் வந்தது. அதற்கும் முன்பே, 1977-இல், லண்டனில் 'டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ்' என்ற குழு தாங்களே இசைத்தட்டுப் போட்டு, ஆன செலவு 153 பவுண்டு, நீங்களும் செய்யுங்கள் என்று கேட்பவர்களிடமே சொல்லிவிட்டது. பங்க் என்றால் கத்தலும் கிழிந்த சட்டையும்தான் என்று நினைப்பவர்கள் இவர்களைக் கேட்க வேண்டும்.

கத்தல் பிடிக்காதவர்களுக்கு 'யங் மார்பிள் ஜயண்ட்ஸ்'. வேல்ஸில் கார்டிஃப் ஊர்க்காரர்கள். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. வீட்டில் செய்த ரிதம் பெட்டியின் தாளத்தைக் கேசட்டில் பதிந்து ஓடவிட்டு, அதன்மேல் வாசித்தார்கள். 1980-இல் வந்த 'கொலோசல் யூத்' ஒன்றுதான் அவர்களுடைய முழு ஆல்பம். அதில் பாடும் பெண் உரக்கப் பாடுவதே இல்லை. மனைவியும் நானும் இரவில் அதிகம் கேட்பது இதுதான்.

அப்புறம் 'கைடட் பை வாய்சஸ்'. அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்து டேட்டன் ஊர்க் குழு. அதை நடத்தும் ராபர்ட் பொல்லார்ட் பல வருடம் நான்காம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர். அந்த வேலையில் இருந்துகொண்டேதான் பாட்டு எழுதினார். 1994-இல் வந்த 'பீ தவுசண்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேளுங்கள். நடுவில் ஒரு கிட்டார் திடீரென்று காணாமல் போய், சற்று நேரம் கழித்துத் திரும்பி வரும். திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் என் கை கன்னத்துக்குப் போகும். சாருக்கு இதைப் போட்டுக் காட்டியிருந்தால் ரீவைண்ட் செய்யச் சொல்லியிருப்பார்.

இந்த டனீடினில் அந்த வயதுப் பையன்களுக்கு மாதாகோவில் ஹால் இருந்தது, கேட்க இருபது முப்பது பேர் இருந்தார்கள், ஃப்ளையிங் நன் என்று ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனி 1981-இல் இதே தீவில் முளைத்தது. எங்களுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. அதனால் வீடு கட்டினோம், தங்கச்சிமார்களைக் கரை சேர்த்தோம். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நாங்கள் மூவரும் இன்னும் ஒரு வருடம் சேர்ந்து ஊரில் இருந்திருந்தால் என்னென்ன பாட்டு வந்திருக்கும் என்று இங்கே குளிர்காலத்தில் வேலை விட்டு வரும்போது நினைப்பேன். ஏர்வாடிக்காரன் சவூதியில் தமாமில் இருக்கிறான். தங்கச்சிமடத்துக்காரன் இப்போது இல்லை, அவன் அப்பாவும் இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சார் வீட்டில் அந்தக் கேசட்டுகள் இருந்தால் எடுத்துவையுங்கள். பழைய பிளேயரில் உடனே போட்டுவிட வேண்டாம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறதா, நடுவில் உள்ள சின்னப் பஞ்சு உதிர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் சரிசெய்ய முடியும், நானே செய்வேன். முதுகில் பற்கள் உடைந்தவற்றைத் தனியாக வையுங்கள். தங்கச்சிமடத்துக்காரனின் மகன் போன மாதம் போன் செய்து, "தாத்தா பாட்டு எங்கேயாவது இருக்கா மாமா?" என்று கேட்டான். அவனும் கடலுக்குத்தான் போகிறான். தபால் செலவு என்னுடையது.