கார்ட்ல ஒரு பைசா எங்க போச்சு?

மூணு ஆன்லைன் கடைக்கு மூணு தடவை ஒரே கணக்க எழுதி சலிச்சுப் போய்தான் கார்ட் (வாங்கற சாமான சேர்த்து வைக்கற கூடை) விலைக்கணக்க தனி ஃபங்ஷனா, அதாவது திரும்பத் திரும்ப பயன்படுத்தற கோட் துண்டா, பிரிச்சு வச்சேன், இப்ப எந்தக் கடைக்குன்னாலும் அதையே தூக்கிப் போட்டுக்கறேன். உள்ள ரூபாயே கிடையாது, எல்லாம் பைசா, முழு எண். ஜாவாஸ்கிரிப்ட்ங்கற கோடிங் மொழில 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினா 0.30000000000000004னு வரும், அத நம்பி யாரு பில் போடறது!

அடுத்து வரிசை. பில்லுலயே காட்டுற தள்ளுபடிய முதல்ல கழிச்சிட்டு மீதிக்குத்தான் ஜிஎஸ்டி. 999 ரூபா இயர்போன், 10% தள்ளுபடி போக 899.10, அதுக்கு 18% வரி 161.838.

இங்கதான் மண்ட காஞ்சுது. அதுல மூணு வாங்கினா, ஒவ்வொண்ணுக்கும் வரிய முழுப் பைசாவுக்கு ரவுண்ட் பண்ணி கூட்டினா 485.52, மொத்தமா கூட்டி கடைசில ரவுண்ட் பண்ணா 485.51. கார்ட்ல ஒண்ணு, இன்வாய்ஸ்ல இன்னொண்ணுன்னு நானே ரெண்டு விதமா எழுதி வச்சிருக்கேன், அந்த ஒரு பைசாவ தேடியே ஒரு ராத்திரி போச்சு (பைசாவுக்கு மதிப்பில்லன்னு எவன் சொன்னான்). இப்ப ரவுண்டிங் ஒரே இடத்துலதான், வரி சதவீதமும் கூப்பனும் வெளிய இருந்து வரும், டெலிவரி சார்ஜ் மட்டும் இன்னும் அரைகுறையா கெடக்கு.